பூட்டு சரி

சவுரிமுத்து இருபத்திரண்டு வருடம் போலீஸ்காரராக இருந்தும் ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை. மற்றவர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள்; அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். திருட்டு நடந்த பிறகு திருடனைப் பிடித்து என்ன, திருட்டுத்தான் நடந்துவிட்டதே என்பது அவர் கட்சி. நாற்பத்தாறு வயதிலும் ஏட்டு ஆகாமல் சாதாரண கான்ஸ்டபிளாகவே அவர் இருந்ததற்கும் இந்தக் கட்சிக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் வழியில் எபனேசர் காலனி என்று ஒன்று இருந்தது. நாற்பத்துச் சொச்சம் வீடுகள். பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பள்ளிக்கூட வாத்தியார்கள், மிச்சம் ரயில்வே குமாஸ்தாக்கள். காலனி முனையில் ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் போலீஸ் அவுட்போஸ்ட். சப்-இன்ஸ்பெக்டர் பட்டாபிராமன் வாரம் இரண்டு தடவை ஜீப்பில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நேரத்தில் அங்கே சட்டமும் ஒழுங்கும் சவுரிமுத்துவும், அரிகிருஷ்ணன் என்கிற முப்பது வயதுக் கான்ஸ்டபிளும்தான்.

அவுட்போஸ்ட் வாசலில் ஒரு கறுப்புப் பலகை. 'வெளியூர் செல்வோர் கவனத்திற்கு' என்று தலைப்பு. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், நகைகளை வீட்டில் வைக்கக் கூடாது, பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் சொல்லி நிறுத்த வேண்டும், சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கக் கூடாது. அந்தக் கடைசி விதியைப் படித்த பிறகுதான் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கலாம் என்கிற யோசனையே காலனியில் பலருக்குத் தோன்றியது. பலகை வைத்த மறு வருடம் மே மாதம் பதினோரு வீட்டுச் சாவிகள் பூந்தொட்டிக்கு அடியில் இருந்தன. சவுரிமுத்துவுக்குப் பதினொன்றும் தெரியும். அந்தப் பதினொன்றும் தெரிந்த ஒரே ஆள் திருடனாக இல்லாமல் போலீஸ்காரனாக இருந்தது காலனி செய்த புண்ணியம்.

எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் வீட்டுக் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு அட்டை தொங்கும். சவுரிமுத்து தினமும் காலை பத்து மணி வாக்கில் சைக்கிளில் வருவார். கேட்டைத் திறப்பார், படியேறுவார், பூட்டைப் பிடித்து மூன்று தடவை இழுப்பார். அட்டையில் தேதி போட்டு 'பூட்டு சரி' என்று எழுதி, கையெழுத்தும் போடுவார். ஒரு தடவை இழுத்தால் போதும் என்று பட்டாபிராமனே சொல்லியிருக்கிறார். சவுரிமுத்து கேட்கவில்லை. பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று என்று காலனியில் கேலி பேசினார்கள். சவுரிமுத்து கத்தோலிக்கர், காலனிக்காரர்கள் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபை. அதனால் கேலியில் கொஞ்சம் வேதசாஸ்திரமும் இருந்தது. 'பூட்டு சவுரி' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதையும் ஏதோ பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டார்.

ஏழாம் எண் வீடு தனசிங் வாத்தியாருடையது. ரிட்டயரான ஹெட்மாஸ்டர். மனைவி தபீதாள் காலமாகி இரண்டு வருடம். ஒரே மகன் வில்பிரட் வடக்கே ராஞ்சியில் வேலையாக இருந்தான். மகனைப் பற்றி வாத்தியார் பேசாத நாள் கிடையாது. மகன் எழுதுகிற நாட்கள்தான் குறைவு.

எழுபத்தொன்றாம் வருடம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வாத்தியாருக்குச் சபையில் வழியனுப்பு ஜெபம் நடத்தினார்கள். மகன் டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறான், இனி அங்கேதான் என்று அவரே சொல்லியிருந்தார். சபைப் பாதிரியாரான ஐயர் மாலை போட்டார். பெண்கள் சங்கத்தில் ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தார்கள், ராஞ்சியில் குளிராமே என்று. வாத்தியார் நன்றி சொல்ல எழுந்து, கடைசிக் காலத்தில் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளையைப் பெற்றவன் பாக்கியவான் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போகாத தகப்பன்மார்கள் நாலைந்து பேர் அதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அவுட்போஸ்டுக்கு வந்து எழுதிக் கொடுத்தார். 'திரும்பும் நாள்' என்கிற இடத்தில் 'கர்த்தர் சித்தம்' என்று அவர் எழுதியதைப் பார்த்து பட்டாபிராமன், "இது தேதி ஆகாதே சார்" என்றார். "இதைவிட நிச்சயமான தேதி எனக்குத் தெரியாது" என்றார் வாத்தியார். பிறகு காலனியே திரண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் அவருக்கு இன்னொரு மாலை போட்டு மின்சார ரயிலில் ஏற்றி, கை அசைத்துவிட்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சவுரிமுத்து ஏழாம் எண் வீட்டுப் படியேறி, பூட்டைப் பிடித்து மூன்று தடவை இழுத்தார். உள்ளே யாரோ இருமினார்கள்.

சவுரிமுத்து லத்தியை இறுகப் பிடித்தார். இருபத்திரண்டு வருடத்தில் வந்த முதல் திருடன். ஜலதோஷம் பிடித்தவன் போலிருக்கிறது.

"யார்ரா உள்ளே? மரியாதையா வெளியே வா!"

ஜன்னல் கதவு விரல் அகலம் திறந்தது. "சத்தம் போடாதேயும், சவுரிமுத்து. நான்தான்."

"சார்! நீங்க ராஞ்சி போய்ட்டீங்களே சார்!"

"ஆமா, போயாச்சு."

"அப்ப உள்ளே இருக்கிறது?"

"அதுவும் நான்தான். பின்பக்கமா வாரும். யாரும் பார்க்காம வாரும்."

பின்பக்கம் கிணறும் ஒரு முருங்கை மரமும். சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனைகள். பின் கதவை ஒட்டியிருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டால் தாழ்ப்பாளை நீக்கிவிடலாம். இதைப் பலகையில் ஒரு விதியாகவே எழுதலாம் என்று சவுரிமுத்துவுக்கு அப்போது தோன்றியது. உள்ளே வாத்தியார் துண்டும் வேட்டியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கம்பளிச் சால்வை மடித்தபடி பெட்டி மேல் இருந்தது. அவர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

வண்டியேறப் புறப்பட்டபோது தபால்காரர் கேட்டருகே கையில் கொடுத்த கடிதம். கூட்டத்துக்கு நடுவே பிரிக்க நேரமில்லாமல் சட்டைப் பையில் வைத்து, குரோம்பேட்டை தாண்டிய பிறகு பிரித்திருக்கிறார். அதில் கொடூரமாக எதுவும் இல்லை. 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று ஆரம்பித்து, மனைவி மெட்டில்டாவின் அம்மா பிரசவத்துக்கு வந்திருக்கிறார்கள், குவார்ட்டர்ஸில் இரண்டே அறை, இப்போது புறப்பட வேண்டாம், ஈஸ்டருக்குப் பிறகு நானே எழுதுகிறேன் என்று நியாயமாகவே எழுதியிருந்தான். கொடூரமாக எழுதியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். நியாயமான கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையை... சபையார் போட்ட மாலையை அந்தப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, காலி மனை வழியாகத் தன் வீட்டுக்குள் திருடனைப் போல நுழைந்திருக்கிறார்.

"டிக்கெட் அவர் அனுப்பினதுதானே சார்?" என்று கேட்டார் சவுரிமுத்து.

"நான் எடுத்தது." வாத்தியார் சுவரைப் பார்த்தார். "அவன் ஒரு தடவை, 'முடிஞ்சா வாங்கப்பா'ன்னு எழுதியிருந்தான். அதைத்தான் நான் கூப்பிட்டான்னு சொன்னேன்."

"அதனால இன்னா சார்? முன் கதவைத் திறந்துட்டு உட்காருங்க. ரயிலைத் தவற விட்டுட்டேன்னு சொன்னா முடிஞ்சுது."

"முக்கால் மணி நேரம் பேசியிருக்கேன் வே. அதுல ஒரு நிமிஷம் கம்மியாப் பேசியிருந்தாக்கூட நீர் சொல்றபடி செய்திருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஈஸ்டர் வரைக்கும்தானே. ஏப்ரல் பதினொண்ணு. அதுக்கப்புறம் அவன் எழுதுவான், நான் நிஜமாவே போயிருவேன். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். உமக்குப் பூட்டுத்தானே கணக்கு? பூட்டு சரியாத்தானே இருக்கு?" என்றார்.

பூட்டு சரியாகத்தான் இருந்தது. சவுரிமுத்து முன்பக்கம் போய் அட்டையில் அப்படியே எழுதினார். பொய் என்று சொல்ல அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அதற்கப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ரொட்டியும் முட்டையும் காய்கறியும் பின்சுவர் வழியாக உள்ளே போயின. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வாத்தியார் பகலிலேயே சமைத்துக்கொண்டார். விளக்கு ஏற்றக் கூடாது, கிணற்று ராட்டினம் கிரீச்சிடக் கூடாது. ஜன்னல்களை அடைத்து வைத்திருந்ததில் வீடு அடுப்பாகக் கொதித்தது. அதே சமயம் காலனியில், "பாவம் வாத்தியார், அந்தக் குளிர்ல என்ன கஷ்டப்படுறாரோ" என்று பேசிக்கொண்டார்கள்.

முன் ஜன்னலில் பேசுவது ஆபத்து என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சவுரிமுத்து பூட்டை மூன்று தடவை இழுப்பார். உள்ளே வாத்தியார் கரண்டியால் எவர்சில்வர் டம்ளரை மூன்று தடவை தட்டுவார். நலம் என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் சவுரிமுத்து 'சரி' என்று எழுதுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த வார்த்தையை இரும்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், இப்போதுதான் முதல் தடவையாக ஒரு மனிதனைப் பற்றி எழுதினார்.

ரொட்டி கொண்டுபோகிற நாட்களில் பின் அறையில் பத்து நிமிடம் பேச்சு. வாத்தியாருக்கு ஒரே கேள்விதான்.

"என்னைப் பத்தி என்ன பேசுறாங்க?"

முதல் இரண்டு வாரம் சொல்ல நிறைய இருந்தது. பெண்கள் சங்கத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்ததை, ஐயர் பிரசங்கத்தில் அவரை உதாரணம் காட்டியதை எல்லாம் சவுரிமுத்து வந்து சொன்னார். மூன்றாவது வாரம் யாரும் பேசவில்லை. ஆறேழு நாள் காத்துப் பார்த்துவிட்டு சவுரிமுத்து தாமாகவே செய்தி தயாரிக்க ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை பாட்டுல உங்க கட்டைக் குரல் இல்லாம சபையே சோந்துபோச்சாம் சார்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்."

"எனக்குப் பாட வராதேய்யா. தபீதாள்தான் பாடுவா. நான் சும்மா வாயை அசைப்பேன்." வாத்தியார் சிரித்தார். சிரித்துவிட்டு, "பரவாயில்லை, வேற என்ன சொன்னாங்க, சொல்லும்" என்றார்.

பிப்ரவரி கடைசியில் தேர்தல் வந்தது. கேளம்பாக்கம் பக்கம் பந்தோபஸ்துக்குப் பன்னிரண்டு நாள் சவுரிமுத்து போக வேண்டும் என்று பட்டாபிராமன் உத்தரவு கொண்டுவந்தார்.

"சார், பூட்டின வூடுங்க நாலு கீது. அரிகிருஷ்ணனை அனுப்புங்க, நான் இங்கயே இருந்துடறேன்."

"ஏன்யா, நீ போய்ட்டா பூட்டுங்க அழுமா? அரிகிருஷ்ணன் பார்த்துப்பான். கிளம்பு."

அன்று பகல் பின் அறையில் சவுரிமுத்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அரிகிருஷ்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் போவேன். ஒண்டியா கிடக்குறீங்க. உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அவன்கிட்டச் சொல்றதும் ரேடியோவுல சொல்றதும் ஒண்ணு. நான் எழுபது வயசுல இந்தத் தெருவில தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

"நடக்கிறதுக்கு உசிரு வேணுமே சார்."

"பன்னிரண்டு நாள்தானேய்யா. சாமான் இருக்கு, கிணறு இருக்கு. அவன் வரும்போது மூச்சுக் காட்ட மாட்டேன். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணும்." மேசை மேலிருந்த வேதாகமத்தை எடுத்தவர், ஏதோ யோசித்து அதைத் திரும்ப வைத்தார். "இது வேண்டாம். எங்க வேதத்து மேல சத்தியம் பண்ணிட்டு, அது உமக்குச் செல்லாதுன்னு சொல்லிருவீர். உம்ம ஜெபமாலையை எடும்."

சவுரிமுத்து கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். அந்த ஒரு நிமிடத்தை அவர் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார். வேதாகமத்தின் மேல் செய்திருந்தால் மீறியிருப்போமோ என்று.

சத்தியத்துக்குள் நின்றுகொண்டு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். அவுட்போஸ்டில் அரிகிருஷ்ணனைக் கூப்பிட்டு, "ஏழாம் நம்பர் வூட்டுப் பூட்டை மூணு தபா இழுக்கணும். மறந்துடாதே" என்றார்.

"ஒரு தபா இழுத்தா இன்னாண்ணே, பூட்டு கோச்சுக்குமா?"

"ரூல்டா."

"எந்த ரூலு? பலகைல காணோமே."

"எல்லா ரூலும் பலகைல இருக்காது."

விதி என்றதும் அரிகிருஷ்ணன் தலையை ஆட்டினான். அது மட்டும் நல்ல அடையாளமாகப் பட்டது. அவன் மூன்று தடவை இழுத்தால், யாரோ தினமும் வாசல் வரை வருகிறார்கள் என்பதாவது வாத்தியாருக்குத் தெரியும். அவ்வளவுதான் அவரால் யோசிக்க முடிந்தது.

கேளம்பாக்கத்தில் வாக்குச்சாவடி வாசலில் நின்று வரிசையை ஒழுங்கு பண்ணினார். ஓட்டுப் போட வந்த வயதானவர்களை எல்லாம் முதலில் உள்ளே விட்டார். ஏனய்யா எங்களை விட்டுவிட்டுக் கிழவர்களாகப் பொறுக்கி அனுப்புகிறாய் என்று கட்சிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

மார்ச் பத்தாம் தேதி, புதன்கிழமை காலை திரும்பினார். அவுட்போஸ்டில் அரிகிருஷ்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வாண்ணே, எலக்சன்லாம் ஷோக்கா முடிஞ்சுதா? இங்க ஒரு பேஜாரும் இல்ல. நாலு வூடும் பூட்டு சரி."

"ஏழாம் நம்பர்?"

"நீ சொன்னபடி மூணு இழுப்பு. ஒரு நாள்கூட வுடலை. ஆனா அந்த வாத்தியார் வூட்ல எலித் தொல்லை ஜாஸ்திண்ணே. போன வியாழக்கிழமை இழுத்துகினு இருக்கேன், உள்ள டங்கு டங்கு டங்குன்னு பாத்திரத்தைத் தட்டுது. நான் மறுபடி மூணு இழுத்தேன். அதுவும் மறுபடி மூணு. இன்னாடா இது, எலிக்குக் கணக்குத் தெரியுமான்னு எனக்கு ஒரே சிரிப்பு."

சவுரிமுத்து நின்றபடியே இருந்தார்.

"வெள்ளிக்கிழமையும் தட்டுச்சு. சனிக்கிழமை ஒண்ணே ஒண்ணு. அப்பால சத்தமே இல்ல. செத்துப்போச்சு போலக்குது. நேத்து நாத்தம்கூட வந்துச்சு."

"எழுதினியா?"

"பூட்டு சரின்னு எழுதினேன். எலியை எங்க எழுதறது? அட்டைல அதுக்கு இடம் இல்லையேண்ணே."

சைக்கிளை எடுக்கக்கூடத் தோன்றாமல் சவுரிமுத்து ஓடினார். பழக்கம் விடவில்லை, படியேறியதும் கை தானாகப் போய்ப் பூட்டை மூன்று தடவை இழுத்தது. காதைக் கதவில் வைத்தார். நாற்றம்தான் பதில் சொன்னது.

பின்சுவர் ஏறிக் குதித்து, ஜன்னல் வழியாகக் கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். வாத்தியார் முன் அறையில், ஜன்னலுக்குக் கீழே, தரையில் கிடந்தார். இடது பக்கம் முழுக்க வாதம் இழுத்திருந்தது, வாயும் கோணியிருந்தது. கூப்பிடக் குரல் இருந்திருக்காது. வலது கைக்குப் பக்கத்தில் டம்ளர் உருண்டு கிடந்தது. கரண்டி மட்டும் கையிலேயே இருந்தது. கட்டிலிலிருந்து அங்கே வரை அவர் இழுத்துக்கொண்டு வந்த தடம் சிமெண்டுத் தரைத் தூசியில் தெரிந்தது.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சத்தியம் வாங்கியவர், கடைசியில் தெரியப்படுத்த மூன்று நாள் முயற்சி செய்திருக்கிறார். சத்தியம் செய்தவர் மட்டும் அதைக் காப்பாற்றிவிட்டார்.

ஆணியில் முன் பூட்டுச் சாவி தொங்கியது. வேதாகமத்துக்குள் கடிதம் இருந்தது. இரண்டையும் சவுரிமுத்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகுதான் வெளியே வந்து அவுட்போஸ்டுக்குப் போய்ச் சொன்னார்.

பட்டாபிராமன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தார். ஜனவரி பத்தொன்பதிலிருந்து மார்ச் ஒன்பது வரை ஐம்பது 'பூட்டு சரி'. கீழே வாரா வாரம் அவருடைய கையெழுத்து.

"ஏன்யா, பூட்டு சரின்னு போட்டிருக்கு. ஆள் உள்ளே செத்துக் கிடக்கிறார். எப்படி?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சத்தியம் வாங்கியவர் போய்விட்டார். ஆனால் வாசலில் காலனியே நின்றுகொண்டிருந்தது. ஐயர், பெண்கள் சங்கம், பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போகாத அந்த நாலைந்து தகப்பன்மார்கள். முக்கால் மணி நேரப் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் வாத்தியாரின் மானம் போகும். சவுரிமுத்துவின் வேலையும் போகும்.

"ராஞ்சியிலேர்ந்து திரும்பி வந்திருக்கார் சார்" என்றார் சவுரிமுத்து. "குளிர் ஒத்துக்கலை போலிருக்கு. நாலஞ்சு நாள் முன்னாடி வந்து, பின்பக்கமா வூட்டுக்குள்ளே போயிருக்கார்."

"முன் பூட்டைத் திறக்கலையே?"

"சாவியை ரயில்ல உட்டிருப்பார் சார்."

பட்டாபிராமன் தம் கையெழுத்துகளை இன்னொரு தடவை பார்த்தார். அவருக்கும் இந்தக் கதை பிடித்திருந்தது. 'வெளியூரிலிருந்து திரும்பிய நிலையில், பிரயாணக் களைப்பால் இயற்கை மரணம்' என்று எழுதி முடித்தார். தான் சொன்ன பொய் வாத்தியாருக்காகவா, தனக்காகவா என்று சவுரிமுத்துவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்ததுதான் அவரை வாட்டியது.

அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். தந்தி கிடைத்து வில்பிரட் வந்து சேர நாலு நாள் ஆயிற்று. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நினைவு ஜெபம். சவுரிமுத்து யூனிஃபார்மோடு கோயில் வாசல்படி அருகே நின்றார். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்து வில்பிரட்டின் கையைப் பிடித்தார்கள்.

"ரெண்டு மாசமாவது அப்பாவைக் கூட வெச்சுப் பார்த்துக்கிட்டீங்களே தம்பி. அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்குது?"

"உங்களைப் பத்தித்தான் ஓயாம பேசுவார்."

"குளிர்தான் ஒத்துக்கலை. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

முதல் ஆள் சொன்னபோது வில்பிரட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இரண்டாவது ஆளுக்கு மூடிக்கொண்டான். அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினான். செய்யாத உபசாரத்துக்கு அத்தனை பேரும் சொன்ன நன்றியை, ஒன்றுவிடாமல், நின்று வாங்கிக்கொண்டான்.

மறுநாள் அவுட்போஸ்டுக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அப்பா எங்க இருந்தார்?"

சவுரிமுத்து சாவியையும் கடிதத்தையும் மேசை மேல் வைத்தார். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவன் கடிதத்தைத் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஏழாம் எண் அட்டையை எழுந்து போய் எடுத்தான். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தான். கடைசிப் பன்னிரண்டு வரிகளில் கையெழுத்து வேறு.

"இதுல எது பொய்?" என்றான்.

"பொய்யே இல்ல தம்பி" என்றார் சவுரிமுத்து. "பூட்டு சரியாத்தான் இருந்துச்சு."

வில்பிரட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தவன், வாசலில் பலகையைப் பார்த்து நின்று, உள்ளே திரும்பி வந்து, வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாக முறைப்படி எழுதிக் கொடுத்தான். 'திரும்பும் நாள்' என்கிற இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.

அந்த வருடம் கடைசியில், பூட்டிய வீடுகளில் ஒரு திருட்டும் நடக்காததற்காகச் சவுரிமுத்துவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் குறிப்பு வந்தது. அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் அது இருக்கிறது. அதற்கு முந்தின பக்கத்தில் ஒரு மெமோவும் இருக்கிறது. இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் வாங்கிய ஒரே மெமோ.

வில்பிரட் போன மறுநாள் காலை சவுரிமுத்து ஏழாம் எண் வீட்டுப் படியேறினார். மூன்று தடவை இழுத்தார். நின்றார். பத்து நிமிடம் ஆகியும் அவர் இறங்கி வராததைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள், "என்ன ஏட்டய்யா, பூட்டு கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். அவர் ஏட்டு இல்லை, அவளுக்கும் அது தெரியும். மரியாதைக்குச் சொன்னாள். சவுரிமுத்து புது அட்டையை எடுத்தார், தேதி போட்டார், 'பூட்டு' என்று எழுதினார். அடுத்த வார்த்தை வரவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. பட்டாபிராமன் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, பூட்டு, பூட்டுன்னு? சரியா இல்லையா, எழுதித் தொலையேன்" என்றார்.

"இருக்குது சார். பூட்டு இருக்குது."

"சரின்னு எழுதறதுல உனக்கென்ன கஷ்டம்?"

நாலு மாதம் கழித்து வீடு கைமாறும் வரை சவுரிமுத்து அந்த வார்த்தையை எழுதவே இல்லை. 'முழுமையற்ற குறிப்பு எழுதியமைக்காக' என்று மெமோவில் காரணம் போட்டிருக்கிறது.